அபெண்ட் ஆன 96 ரெக்கார்டு பரவாயில்ல, ஆகாத 2304 தான் ஆளைக் கவுத்துச்சு: ஒரு மெயின்ஃப்ரேம் ஃபைல் டிரான்ஸ்ஃபர் கேஸ்

ராத்திரி ரெண்டரை மணிக்கு ஆன்கால் ஃபோன் அடிச்சுது. மாசக் கடைசி அட்ஜஸ்ட்மென்ட் ஜாப் எஸ்0சி7ங்கற அபெண்ட்ல (ப்ரோக்ராம் பாதில செத்துப் போறது) விழுந்துடுச்சு, ரீஸ்டார்ட் பண்ணாலும் அதே இடத்துல விழுதுன்னு ஆபரேட்டர் சொன்னாரு. இதை சாக்-செவன்னு சொல்லுவோம், டேட்டா எக்ஸெப்ஷன், அதாவது நம்பர் இருக்க வேண்டிய இடத்துல நம்பர் இல்ல. மெயின்ஃப்ரேம்ல வேலை பாக்குறவங்களுக்கு இது ஜுரம் மாதிரி, அடிக்கடி வரும், ஆனா எதனால வந்துச்சுங்கறது தான் வேலையே.

முதல்ல செட்டப்ப சொல்லிடறேன், இல்லன்னா பின்னாடி வர்றது புரியாது. ஹோஸ்ட்ல, அதாவது மெயின்ஃப்ரேம்ங்கற பெரிய கம்ப்யூட்டர்ல, ஒரு மாஸ்டர் ஃபைல் இருக்கு. மாசக் கடைசில அதுல இருந்து 2400 ரெக்கார்டு எக்ஸ்ட்ராக்ட் ஆகும், யூசர் டீம் அதை 3270 எமுலேட்டர்ல (மெயின்ஃப்ரேம் ஸ்க்ரீனை பிசில காட்டற சாஃப்ட்வேர்) இருக்கற டிரான்ஸ்ஃபர் மெனு வழியா, அதாவது அடியில ஓடறது இண்ட்-டாலர்-ஃபைல்ங்கற டிரான்ஸ்ஃபர் ப்ரோக்ராம், பிசிக்கு இறக்குவாங்க. ஆப்ஷன் ஆஸ்கி (மெயின்ஃப்ரேமோட எப்சிடிக் எழுத்து முறையை பிசியோட ஆஸ்கி முறைக்கு மாத்தறது), சிஆர்எல்எஃப் (ஒவ்வொரு ரெக்கார்டு கடைசிலயும் லைன் முடிவுக்குன்னு ரெண்டு பைட் சேக்கறது). ஒரு எடிட்டர்ல திறந்து ஒவ்வொரு லைன் கடைசிலயும் இருக்கற 5 எழுத்து கோடை (code) மட்டும் வேணுங்கற இடத்துல மாத்தி, சேவ் பண்ணி, அதே ஆப்ஷனோட திரும்ப ஏத்துவாங்க. ராத்திரி பேட்ச் அதை எடுத்து மாஸ்டரை அப்டேட் பண்ணும். ரெக்கார்டு 60 பைட். முதல் 10 அக்கவுண்ட் நம்பர், அடுத்த 40 பேரு, அப்புறம் 5 பைட் தொகை, கடைசி 5 கோடு. பல வருஷமா ஓடின ப்ராசஸ், யாரும் அதைப் பத்தி நினைச்சதுகூட இல்ல.

டம்ப்ல (ஜாப் விழுந்தப்ப எடுத்த மெமரி நகல்) சிஇஇ3207எஸ் மெசேஜ், தொகை ஃபீல்டுல கூட்டல் பண்ற லைன்ல விழுந்திருக்கு. இன்புட் டேட்டாசெட்டை (மெயின்ஃப்ரேம்ல ஃபைலுக்கு அது தான் பேரு) ஐஎஸ்பிஎஃப்ங்கற மெயின்ஃப்ரேம் எடிட்டர்ல திறந்து பார்த்தேன். 60 கேரக்டர் நீளமா வர வேண்டிய லைனுங்க நடுவுல அங்கங்க பாதில முறிஞ்ச லைன், ஒரு காலி லைன், அப்புறம் வெறும் கோடு மட்டும் இருக்கற லைன். மொத்தம் 2511 ரெக்கார்டு. 2400 அனுப்பினோம், 2511 திரும்பி வந்திருக்கு.

யூசர் டீம்ல அந்த ஷிஃப்ட்ல இருந்தவங்ககிட்ட கேட்டேன். "சார், டிரான்ஸ்ஃபர் கம்ப்ளீட்னு தானே வந்துச்சு, ஸ்க்ரீன்ஷாட் கூட எடுத்து வச்சிருக்கேன்"ன்னாங்க. அனுப்பவும் செஞ்சாங்க. டிரான்ஸ்03, ஃபைல் டிரான்ஸ்ஃபர் கம்ப்ளீட். அவங்க சொன்னதுல பொய்யே இல்ல.

இப்ப நான் பண்ண தப்பு. மணி மூணரை, பேட்ச் விண்டோ முடியப் போகுது, பின்னாடி பத்து ஜாப் இதுக்காக காத்துக்கிட்டு இருக்கு. முறிஞ்ச லைன் எல்லாத்துலயும் கோடு இருக்க வேண்டிய 56ல இருந்து 60 வரைக்கும் காலியா இருந்துச்சு, சரி அது காலியா இருக்கற ரெக்கார்டை எல்லாம் ஒரு சார்ட் (ரெக்கார்டை அடுக்கவும் வடிகட்டவும் செய்யற ப்ரோக்ராம்) போட்டு ஓமிட் பண்ணிட்டு மிச்சத்தை ஓட்டிடலாம், விட்டுப் போனதை காலைல தனியா பார்த்துக்கலாம்னு முடிவு பண்ணேன். சார்ட் ஓடுச்சு, ஐசிஇ054ஐ மெசேஜ் இன் 2511, அவுட் 2304ன்னு காட்டுச்சு. 96 ரெக்கார்டு உடைஞ்சிருக்கு, மிச்சம் 2304 முழுசா இருக்குன்னு கணக்கு போட்டுட்டு ஜாபை விட்டேன். ரிட்டர்ன் கோடு ஜீரோ. பிரச்சனை இல்லாம முடிஞ்சுதுன்னு அர்த்தம், நிம்மதியா போய் படுத்துட்டேன்.

காலைல ஒன்பது மணிக்கு பேலன்சிங் ரிப்போர்ட் பார்த்தவங்க ஃபோன் பண்ணாங்க. தொகை டோட்டல் சில லட்சத்துல இருக்க வேண்டியது பல நூறு கோடில நிக்குது.

பின்னாடி ஜாபுங்க பேலன்சிங் ஸ்டெப்ல நின்னுட்டதால வெளில எதுவும் போகல. மாஸ்டர் ஜிடிஜில (பழைய பிரதிகளையும் வரிசையா வச்சிருக்கற ஃபைல் தொகுப்பு) இருந்துச்சு, முந்தின ஜெனரேஷனை எடுத்து வச்சு, அந்த மாச அட்ஜஸ்ட்மென்ட்டை ஓரமா ஒதுக்கிட்டு மத்ததை ஓட்டினோம். அதுக்கப்புறம் தான் உக்காந்து நிஜமா தேட ஆரம்பிச்சோம்.

தப்பான இடத்துல தேடின கதை

ஒருத்தர் நெட்வொர்க்னாரு. எமுலேட்டர் செஷன் நடுவுல ஆடியிருக்கும், பைட் கெட்டுப் போயிருக்கும்னு. டிசிபி (பைட் கெடாம பார்த்துக்கற நெட்வொர்க் முறை) கீழ ஓடற செஷன்ல இப்படி ஒழுங்கா, ஒரே மாதிரி, அதுவும் தொகை ஃபீல்டுல மட்டும் பைட் கெடாது. இதை ரெண்டு நிமிஷத்துல மூடிட்டோம். எல்ரெக்கல் (ரெக்கார்டு நீளம்), ரெக்எஃப்எம்மும் (ரெக்கார்டு வடிவம்) பார்த்தோம், எஃப்பி 60 தான், அதாவது எல்லா ரெக்கார்டும் 60 பைட், அதுல எதுவும் இல்ல.

அரை நாள் தின்னது கோடு பேஜ், அதாவது எந்த பைட் எந்த எழுத்துன்னு சொல்ற டேபிள். ஒரு யூசர், பேர்ல சதுர அடைப்புக்குறி இருக்கற ரெக்கார்டு பிசில வேற மாதிரி தெரியுதுன்னு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிட்டாங்க, உடனே எல்லாரும் அது மேல பாய்ஞ்சோம். அது உண்மையான கோளாறு தான், எமுலேட்டர்ல கோடு பேஜ் 037 செட் ஆகியிருக்கு, டேட்டாவை எழுதின பக்கம் 1047. ரெண்டுலயும் எழுத்து, எண் எல்லாம் ஒண்ணு தான், அடைப்புக்குறி மாதிரி சிலது மட்டும் இடம் மாறி உக்காந்திருக்கும். ஹெக்ஸ்ல (ஒரு பைட்டை 0ல இருந்து எஃப் வரைக்கும் உள்ள ரெண்டு இலக்கமா எழுதற முறை) சொன்னா 037ல சதுர அடைப்பு ஆரம்பம் பிஏ, முடிவு பிபி, 1047ல ஏடி, பிடி. ஆனா இது ஒரு பைட்டுக்கு பதில் இன்னொரு பைட் வர்ற சமாச்சாரம், இதனால லைன் முறியாது. கண்ணுக்கு முன்னாடி ஒரு தப்பு தெரிஞ்சா நாம தேடற தப்பு அது தான்னு மனசு ஒட்டிக்குது.

நாங்க முதல்லயே பண்ணியிருக்க வேண்டியது, உடைஞ்ச 96 அக்கவுண்டுக்கும் பழைய மாஸ்டர்ல தொகை என்னன்னு எடுத்துப் பார்க்கறது. மத்தியானம் தான் தோணுச்சு. லிஸ்ட் எடுத்தா 2.50, 12.50, 250.00, 1252.50, இப்படி. நெகடிவ் தொகைங்களும் நிறைய, -100.00, -40.00, எல்லாமே கடைசில சைபர். ஆஹா எங்க பார்த்தாலும் 25 இருக்கேன்னு ஒருத்தர் சொல்லும்போதே இன்னொருத்தர் 125.00 இருக்கற அக்கவுண்டையும் 25.00 இருக்கற அக்கவுண்டையும் காட்டினாரு, ரெண்டும் உடையல. 250.00 உடையுது, 25.00 உடையல. இந்த ஒரு விஷயம் தான் கேஸை திறந்துச்சு.

25ஓட கதை

அந்த தொகை ஃபீல்டு காம்ப்-3, பேக்டு டெசிமல். ஒரு பைட்டுக்கு ரெண்டு டிஜிட், கடைசி பைட்டோட ரெண்டாவது பாதில சைன், சி னா பிளஸ், டி னா மைனஸ். 5 பைட்டுல 9 டிஜிட்டும் ஒரு சைனும். 250.00 உள்ள இப்படி இருக்கும்: 00 00 25 00 0சி. 25.00 இப்படி: 00 00 02 50 0சி. பார்த்தீங்களா, ரெண்டாவதுல 2ம் 5ம் வேற வேற பைட்டுல பிரிஞ்சு போச்சு. 125.00ம் அதே தான், 00 00 12 50 0சி. 25ங்கறது ஒரே பைட்டுக்குள்ள வந்து விழுந்தா மட்டும் தான் பிரச்சனை.

ஏன்னா எப்சிடிக்ல 25ங்கற பைட் லைன் ஃபீடு. ஆஸ்கி ஆப்ஷன் போட்டு இறக்கும்போது டிரான்ஸ்ஃபர் ப்ரோக்ராமுக்கு இது தொகையா பேரான்னு தெரியாது, 60 பைட்டையும் எழுத்துன்னு நினைச்சு டேபிள் படி மாத்தும். பேர்ல இருக்கற சி1, ஆஸ்கி 41 ஆகும், அது தான் ஏ. தொகைல இருக்கற 25, ஆஸ்கி 0ஏ ஆகும், அது தான் லைன் ஃபீடு. நெகடிவ் தொகை சைபர்ல முடிஞ்சா கடைசி பைட் 0டி, அது எப்சிடிக்லயும் ஆஸ்கிலயும் ஒண்ணே தான், கேரேஜ் ரிட்டர்ன். -100.00ன்னா 00 00 10 00 0டி, தொகை முடியற இடத்துல லைன் முறியுது, கோடு மட்டும் அடுத்த லைனுக்கு போயிடுது. 1252.50ல 25 ரெண்டு தடவை அடுத்தடுத்து, 00 01 25 25 0சி, அதனால அந்த ஒரு ரெக்கார்டு மூணு துண்டு, நடுத்துண்டு காலி லைன். நான் ராத்திரி பார்த்த காலி லைன் அது தான். டேபிளைப் பொறுத்து சில இடத்துல 15ம் இதே வேலையை காட்டும், எப்சிடிக்ல அது நியூ லைன், எங்களுக்கு அது வரல.

ஐஎஸ்பிஎஃப்ல ஹெக்ஸ் ஆன் போட்டா ஒவ்வொரு பைட்டும் மேலயும் கீழயும் ரெண்டு வரியா தெரியும்ல, நல்ல மாஸ்டர்ல 1252.50 அக்கவுண்ட்டோட தொகை இடம்:

00220
0155சி

மேலிருந்து கீழ படிச்சா 00, 01, 25, 25, 0சி. திரும்பி வந்த ஃபைல்ல அதே அக்கவுண்ட்:

40444
01000

அதாவது 40 01 40 40 40. லைன் 52வது பைட்டோட முறிஞ்சதால மிச்ச இடத்துல ஹோஸ்ட் ஸ்பேஸ் போட்டு நிரப்பியிருக்கு, எப்சிடிக் ஸ்பேஸ் 40. சைன் இருக்க வேண்டிய கடைசி பாதில 0 உக்காந்திருக்கு, 0 சைன் கிடையாது, சாக்-செவன். இதுவரைக்கும் எல்லாரும் சந்தோஷம், கேஸ் முடிஞ்சுதுன்னு ஒருத்தர் எந்திரிச்சே போயிட்டாரு.

ஆனா அந்த முதல் பைட் ஏன் 40? அது 00 தானே இருக்கணும்? முறிஞ்ச இடத்துக்கு அப்புறம் ஸ்பேஸ் வந்தா சரி, முறியறதுக்கு முன்னாடி இருக்கற பைட் எப்படி மாறுச்சு?

ஆகாத 2304

உடையாத ஒரு ரெக்கார்டை எடுத்தேன். மாஸ்டர்ல தொகை 100.00, அதாவது 00 00 10 00 0சி. திரும்பி வந்த ஃபைல்ல 40 40 10 40 0சி. 00 இருந்த இடமெல்லாம் 40. கொஞ்சம் நிதானமா படிங்க இதை. 4, 0, 4, 0, 1, 0, 4, 0, 0, அப்புறம் சி. ஒன்பதும் செல்லுபடியாகற டிஜிட், சைனும் சரியான சைன். அப்டேட் ப்ரோக்ராம் எழுதின கோபோல் மொழிக்கு இது அக்மார்க் நம்பர், 4040104.00. கோபோலுக்கு இதுல சந்தேகப்பட ஒண்ணுமே இல்ல. ஐஃப் நியூமெரிக் போட்டு செக் பண்ணாலும் பாஸ் ஆகும். 100.00 எடுத்துட்டு போய் 4040104.00 கொண்டு வந்து கொடுத்திருக்கு, அபெண்ட் கிடையாது, வார்னிங் கிடையாது, ரிட்டர்ன் கோடு ஜீரோ.

எங்க மாறுச்சுன்னு கண்டுபிடிக்க நான் ஒரு சின்ன டேட்டாசெட் செஞ்சேன். ஒரே ரெக்கார்டு, எல்ரெக்கல் 256, உள்ள 00ல இருந்து எஃப்எஃப் வரைக்கும் எல்லா பைட்டும் ஒரு தடவை. இதை அதே எமுலேட்டர்ல அதே ஆப்ஷனோட இறக்கினேன், எடிட்டர்ல திறக்காம நேரா ஹெக்ஸ் டம்ப் எடுத்தேன். 258 பைட், கடைசி ரெண்டு சிஆர்எல்எஃப். மிச்ச 256ம் வேற வேற, ஒண்ணுகூட ரெண்டு தடவை வரல, ஒண்ணுகூட காணாம போகல. அதாவது டேபிள் ஒண்ணுக்கு ஒண்ணு, 00 போய் 00 தான் ஆகியிருக்கு. எமுலேட்டர் மேல பழி போட முடியாது, கேட்டதை கேட்ட மாதிரி செஞ்சிருக்கு.

அடுத்து அதே ஃபைலை யூசர் டீம் எடிட்டர்ல திறந்து எதையும் மாத்தாம ஒரு ஸ்பேஸ் அடிச்சு அழிச்சு சேவ் பண்ணேன். 260 பைட். ஒத்தையா இருந்த 0ஏயும் ஒத்தையா இருந்த 0டியும் ஆளுக்கொரு ஜோடி சேத்துக்கிட்டு சிஆர்எல்எஃப் ஆகிடுச்சு, அது தான் கூடுதல் ரெண்டு. முதல் பைட் 00 இருந்தது 20 ஆகிடுச்சு. டெக்ஸ்ட் எடிட்டருக்கு 00ங்கறது எழுத்தே இல்ல, சிலது அதை ஸ்பேஸா மாத்திடும், இந்த எடிட்டர் அந்த ரகம். ஆஸ்கி 20 திரும்ப மேல போகும்போது எப்சிடிக் 40. முடிஞ்சுது.

கணக்கும் கச்சிதமா உக்காந்துச்சு. 2400 ரெக்கார்டு, ஒண்ணுக்கு 60 பைட்டும் சிஆர்எல்எஃப் ரெண்டும், 148800 பைட் இருக்கணும் (லைன் கடைசி கோடு எப்பவும் அஞ்சு எழுத்தும் இருக்கும், அதனால ஸ்பேஸ் வெட்டற விவகாரம் இல்ல, ஃபைல் கடைசில கண்ட்ரோல்-இசட் போடற ஆப்ஷனும் எங்க எமுலேட்டர்ல ஆஃப்). இறக்கின உடனே சைஸ் சரியா 148800 தான், ஏன்னா ஒரு பைட்டுக்கு ஒரு பைட். யூசர் சேவ் பண்ண ஃபைல் 148911. 111 கூடுதல். ஹோஸ்ட்லயும் 111 ரெக்கார்டு கூடுதல். 81 ரெக்கார்டு ஒரு இடத்துலயும் 15 ரெக்கார்டு ரெண்டு இடத்துலயும் முறிஞ்சிருக்கு, கூட்டிப் பாருங்க. ஃபைலை ஏத்தறதுக்கு முன்னாடி பிசில ரைட் கிளிக் பண்ணி சைஸ் பார்த்திருந்தா அன்னைக்கு ராத்திரி நான் தூங்கியிருப்பேன்.

அப்ப பல வருஷமா எப்படி ஓடுச்சு?

பல வருஷமா எக்ஸ்ட்ராக்ட் ப்ரோக்ராம் ஒண்ணு இருந்துச்சு, தொகையை டிஸ்ப்ளே நம்பரா (ஒரு டிஜிட்டுக்கு ஒரு எழுத்து), சைனை தனி கேரக்டரா எழுதி தான் அனுப்பும். ரெண்டு வாரம் முன்னாடி ஒரு ரிலீஸ்ல, எதுக்கு தனியா ஒரு ப்ரோக்ராம், மாஸ்டர் ரெக்கார்டையே சார்ட் காப்பில அனுப்பிடலாமே, ஏத்தும்போதும் ரெக்கார்டை அப்படியே மூவ் பண்ணிடலாமேன்னு சுருக்கிட்டாங்க. கோடு குறைஞ்சுது, ரிவ்யூல எல்லாருக்கும் பிடிச்சுது. எனக்கும் பிடிச்சுது, அப்ரூவ் பண்ணதுல என் பேரும் இருக்கு.

டெஸ்ட் பண்ணலையான்னு கேப்பீங்க. பண்ணாங்க. அங்க தான் எனக்கு வயித்தெரிச்சல். டெஸ்ட் டேட்டால 20 ரெக்கார்டு, தொகை எல்லாம் 100.00, 500.00, 1000.00. டெஸ்டர் இறக்கினாரு, எடிட்டர்ல திறக்காம அப்படியே ஏத்தினாரு, ஃபைலை ஒப்பிடற சூப்பர்சில கம்பேர் போட்டா டிஃபரன்ஸ் ஜீரோ. ஜீரோ வராம எப்படி இருக்கும்? 500.00ல இருக்கற 50ங்கற பைட் எப்சிடிக்ல ஆம்பர்சண்ட், ஆஸ்கில 26 ஆகி, திரும்பி வரும்போது 50 ஆகிடும். டேபிள் ஒண்ணுக்கு ஒண்ணா இருக்கறதால பேக்டு டேட்டாவை டெக்ஸ்ட்னு அனுப்பினாலும் போயிட்டு திரும்பி வந்தா பழையபடி இருக்கும், நடுவுல யாரும் தொடாத வரைக்கும், 25ம் 0டியும் வராத வரைக்கும். டேபிள் மோசமா இருந்து எல்லாத்தையும் கெடுத்திருந்தா முதல் நாளே மாட்டியிருக்கும். டெஸ்ட் டேட்டால ஒரு 12.50 இருந்திருந்தா, ஒரே ஒரு நெகடிவ் தொகை இருந்திருந்தா, இல்ல யூசர் பண்ற மாதிரியே திறந்து சேவ் பண்ணியிருந்தா போதும்.

யூசர் பக்கம் ரிலீஸ் நோட்ல ஒரு வரி இருந்திருக்கு, நடுவுல கட்டம் கட்டமா தெரியற இடத்தை தொடாதீங்கன்னு. அவங்க தொடவே இல்ல.

என்ன மாத்தினோம்

முதல்ல வந்த யோசனை பைனரில அனுப்பறது. ப்ரோக்ராம் படிக்கப் போற ஃபைல்னா அது சரி, டேபிள் மாத்தல் கிடையாது, சிஆர்எல்எஃப் கிடையாது, சைஸ் பார்த்தா எல்ரெக்கல் பெருக்கல் ரெக்கார்டு எண்ணிக்கை, எங்க ஃபைலுக்கு 144000, ஒரு பைட் கூட கூடக் குறைய இருக்கக் கூடாது. ஆனா இங்க ஆளு கண்ணால பார்த்து கோடை மாத்தணும், பைனரில இறக்கினா பேரே படிக்க முடியாது, எல்லாம் எப்சிடிக். எல்லாம் ஒரே நீள லைன் வேற. அதனால விட்டுட்டோம்.

கடைசில போறதையும் வர்றதையும் ரெண்டு வேற ஃபைலா பிரிச்சோம். கீழ போற ஃபைல்ல சார்ட்டோட அவுட்ரெக்ல தொகையை PD (பேக்டு டெசிமல்)னு சொல்லி எடிட் பேட்டர்ன் போட்டு விரிச்சாச்சு, சைன், ஏழு டிஜிட், புள்ளி, ரெண்டு டிஜிட், மொத்தம் 11 கேரக்டர். ரெக்கார்டு 60ல இருந்து 66 ஆச்சு. +0001252.50ன்னு கண்ணுக்கு தெரியுது, யூசருங்களே ரொம்ப நாளா இதைத் தான் கேட்டுக்கிட்டு இருந்தோம்னு சொன்னாங்க, யாரும் எங்ககிட்ட சொல்லல, சரி விடுங்க. மேல வர்ற ஃபைல்ல அக்கவுண்ட் நம்பர் 10, கோடு 5, அவ்வளவு தான். பேரும் கிடையாது, தொகையும் கிடையாது. யூசர் மாத்த உரிமை இருக்கறது கோடு மட்டும் தானே, அப்ப மத்ததெல்லாம் எதுக்கு பிசிக்கு போயிட்டு சுத்திட்டு வந்து மாஸ்டர் மேல உக்காரணும்? இதை தான் நான் மீட்டிங்ல கொஞ்சம் சத்தமாவே சொன்னேன். பேரை திருப்பி வாங்கறதுலயும் ஆபத்து இருக்கு, எடிட்டர் யுடிஎஃப்-8ல சேவ் பண்ணிடுச்சுன்னா மேல சின்ன குறி போட்ட லத்தீன் எழுத்து (é மாதிரி) ஒண்ணு வந்தா அது ரெண்டு பைட், அதுக்கப்புறம் இருக்கற எல்லா ஃபீல்டும் ஒரு இடம் தள்ளிப் போகும்.

ஏத்தற டேட்டாசெட்டை எஃப்பி 80 வச்சு, 16ல இருந்து 80 வரைக்கும் ஸ்பேஸ் தானான்னு ப்ரோக்ராம் பார்க்குது. கடைசில ஒரு டிரெய்லர் லைன், எத்தனை ரெக்கார்டுன்னு. எண்ணிக்கை ஒத்துப் போகலன்னா, அக்கவுண்ட் மாஸ்டர்ல இல்லன்னா, கோடு டேபிள்ல இல்லன்னா, ஃபைல் முழுசா ரிஜெக்ட், பாதி ஓட்டற பேச்சே இல்ல. நான் பண்ண ஓமிட் மாதிரி இனி யாரும் ராத்திரி மூணரைக்கு பண்ண முடியாதபடி ஜாப் முதல் ஸ்டெப்லயே எண்ணிக்கை பார்த்து நிக்குது. டிரான்ஸ்04, அதாவது ரெக்கார்ட்ஸ் செக்மென்டட்னு வந்தா லைன் எல்ரெக்கலை விட நீளம், வெட்டி அடுத்த ரெக்கார்டுல போட்டிருக்குன்னு அர்த்தம். அதுலயும் கம்ப்ளீட்ங்கற வார்த்தை இருக்கறதால யூசருங்க சக்சஸ்னு எடுத்துப்பாங்க, அந்த மெசேஜ் வந்தா ஏத்தினதை அழிச்சிட்டு எங்களை கூப்பிடணும்னு சொல்லி வச்சிருக்கோம்.

எஃப்டிபில பண்ணியிருந்தா தப்பிச்சிருப்போமான்னு ஒருத்தர் கேட்டாரு. இல்ல. அங்க டைப் ஏ போட்டா இதே தான், டைப் ஐ போட்டா பைனரி. அது கூட அதோட சொந்த தொல்லைங்க வேற, டேட்டாசெட் பேரை ஒத்தை மேற்கோள்ல போடலன்னா முன்னாடி உங்க யூசர் ஐடியை ஒட்டிக்கிட்டு வேற எங்கயோ போய் எழுதும், ஃபிக்ஸட் ரெக்கார்டை டெக்ஸ்டா இறக்கும்போது கடைசி ஸ்பேஸை வெட்டிடும், வேணும்னா சைட் கமாண்ட்ல டிரெய்லிங் பிளாங்க்ஸ் போடணும். டிஎஸ்ஓ டிரான்ஸ்மிட்ல (டேட்டாசெட்டை பொட்டலமா கட்டற மெயின்ஃப்ரேம் கமாண்ட்) செஞ்ச ஃபைலை ஏத்தறவங்க பைனரி, எஃப்பி 80 ரெண்டையும் மறந்தா அதை பிரிக்கற ரிசீவ் கமாண்ட் அதை அடையாளமே கண்டுக்காது. கருவி மாத்தினா பேக்டு டேட்டா எழுத்தா ஆகிடாது.

அடைப்புக்குறி பிரச்சனை கடைசியா தான் மூடுச்சு, எமுலேட்டர் ப்ரொஃபைல்ல 037ஐ 1047ஆ மாத்தினோம், அஞ்சு நிமிஷ வேலை.

அந்த 256 பைட் டேட்டாசெட்டை நான் அழிக்கல. மூணு மாசம் கழிச்சு பக்கத்து டீம்ல ஒருத்தர் வந்தாரு, "அண்ணா, எங்க ஃபைல் ஹோஸ்ட்ல 9000 ரெக்கார்டு, பிசில எங்க சி ப்ரோக்ராம் 211 மட்டும் படிச்சிட்டு ஃபைல் முடிஞ்சுதுன்னு நிக்குது, ஆனா ஃபைல் சைஸ் பார்த்தா முழுசா இருக்கு"ன்னாரு. டெக்ஸ்ட் மோடுல திறக்கறியான்னு கேட்டேன், ஆமான்னாரு. 256 பைட் ஃபைலை அவரு ப்ரோக்ராம்ல ஓட்டச் சொன்னேன், 63 பைட் படிச்சிட்டு நின்னுது. அடுத்த பைட் எப்சிடிக் 3எஃப், ஆஸ்கில 1ஏ, கண்ட்ரோல்-இசட், விண்டோஸ்ல டெக்ஸ்ட் மோடு அதை பார்த்தா ஃபைல் முடிஞ்சுதுன்னு எடுத்துக்கும். அன்சைன்ட் காம்ப்-3ல சைன் இடத்துல எஃப் வரும், கடைசி டிஜிட் 3னா கடைசி பைட் 3எஃப். மாஸ்டர்ல 212வது ரெக்கார்டை ஹெக்ஸ் ஆன் போட்டு பார்த்தோம். கவுண்ட் ஃபீல்டுல 43.